மூன்றாவது அலசல்

அந்தத் தெருவில் அவரை யாரும் லாரிக்காரர் என்று சொல்வதில்லை. புகைவண்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். ரயிலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய டீசல் லாரி. காலையில் அதைக் கிளப்பினால் எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று, தெரு மறுபடியும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் ஏறிப் போவார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் முதல் நாளே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார்.

அவர் மட்டும் அதைப் புகை என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

"டீசல் வண்டின்னா கொஞ்சம் மூச்சு விடத்தான் செய்யும்" என்பார்.

அந்த மூச்சில் அதிகம் அடிபட்டது அவருடைய மாமியார்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் அந்த அம்மா சலவைக்கடை வைத்திருந்தார். ஓட்டல் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரிப் போர்வைகள், தலையணை உறைகள் என்று வருவதெல்லாம் வெள்ளை. துவைத்து, பிழிந்து, மொட்டை மாடியில் வரிசை வரிசையாகக் காயப்போடுவார். கீழே மாப்பிள்ளையின் லாரி நிற்கும். ஒரு நாள் ஓட்டல்காரர்கள் அவசரமாகக் கேட்டிருந்த விரிப்புகள் எல்லாம் காய்ந்து, மடிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில், புகைவண்டிக்காரர் வண்டியைக் கிளப்பினார். ஒவ்வொரு விரிப்புக்கும் மீசை முளைத்துவிட்டது.

அன்று மாமியார் பேசியது நிறைய. மாப்பிள்ளை பதிலுக்குச் சொன்னது இரண்டே இரண்டு வாக்கியம்.

"அத்தை, உலகத்துல அழுக்குன்னு ஒண்ணு இருக்கறதாலதான் உங்க கடையே நடக்குது. நான் எவ்வளவு உதவி பண்றேன்னு நினைச்சுப் பாருங்க."

அதோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடியும் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதும், "உன் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்பார். "போதும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் அவர். நடுவில் மகள் அகப்பையும் கையுமாக, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிப்போய் நிற்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் லாரிகளுக்குப் புகைச் சோதனை கட்டாயம் என்று ஆனது. சான்றிதழ் இல்லாத வண்டியை எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது. புகைவண்டிக்காரர் தலை முழுக்க எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, வண்டியையும் கழுவித் துடைத்து, சோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போனார். அங்கே பரிசோதகர் ஒருவர் இருந்தார். வெள்ளை மேலங்கி போட்டிருப்பார். சிரிக்க மாட்டார், கோபப்படவும் மாட்டார், காசு வாங்கவும் மாட்டார். அதனால் அவரை எப்படி அணுகுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவர் சைலன்சர் குழாய்க்குள் கருவியின் நுனியைச் செருகி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து விடச் சொல்லி, திரையைப் பார்த்தார். பிறகு கருவி பழுதோ என்று பக்கத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கருவி சரியாத்தான் இருக்கு. வண்டி ஃபெயில்" என்றார்.

வெளியே டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அதில் ஒருவர் காதோடு காதாகச் சொன்னது புகைவண்டிக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைச் சுருட்டிச் சைலன்சருக்குள் இறுக்கி அடைத்துவிட்டால், கரியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான காற்றுதான் வெளியே வரும். வீட்டில் மனைவி கம்பி நாரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் இரண்டாம் முறை பரிசோதகர் முன்னால் நம்பிக்கையோடு ஆக்சிலரேட்டரை மிதித்தார். உள்ளே அமுக்கம் கூடியது. 'டொப்' என்று ஒரு சத்தம். கரித்துண்டு மாதிரி ஏதோ ஒன்று பறந்து போய், வரிசையில் நின்ற அடுத்த லாரியின் கண்ணாடியில் மோதி, பரிசோதகரின் காலடியில் வந்து விழுந்து உருண்டது.

பரிசோதகர் குனிந்து, பேனாவின் நுனியால் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"தெரியல சார். வண்டி பழசு. உள்ள இருந்து ஏதாவது வரும்."

"பாத்திரம் தேய்க்கறதா?"

மூன்றாவது முறையும் தவறினால் இன்ஜினைப் பிரித்து முழு வேலையும் பார்த்த பிறகுதான் மறுபடி வரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் பரிசோதகர்.

அதன்பிறகுதான் அவருக்கு மெக்கானிக்கின் ஞாபகம் வந்தது. அந்த மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்பார்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு நுனியை இன்ஜினில் வைத்து, மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்கும்போது வண்டிக்காரர்கள் நாக்கை நீட்டாத குறையாக நிற்பார்கள். டாக்டர் அடைத்துப்போயிருந்த ஏர் ஃபில்டரை மாற்றினார். டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பம்பை அளவுக்குக் கொண்டுவந்தார். கடைசியில் வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் மிதித்தால் கறுப்பாகத்தான் வந்தது.

"சமீபமா என்ன லோடு ஏத்தறே?" என்று கேட்டார் டாக்டர்.

"மெத்தை. ஸ்பாஞ்ச் மெத்தை. பார்க்க மலை மாதிரி இருக்கும், வெயிட்டே இருக்காது. வண்டிக்கு நோகாத வேலை."

"அதான் கேடு. மெத்தை சுமந்து சுமந்து உன் வண்டி மெத்தனமாயிடுச்சு. வெயிட் இல்ல, தூரம் இல்ல, இன்ஜின் சூடே ஆகறதில்ல. எரியாத கரியெல்லாம் டர்போவுலயும் சைலன்சர்லயும் போய்க் குடும்பம் நடத்துது. நான் செய்யறதைச் செஞ்சாச்சு. இனிமே நீதான் செய்யணும்."

"என்ன செய்யணும்?"

"நல்ல கனமான லோடு ஏத்து. குவாரி மேட்டுல கீழ் கியர்ல, காலை எடுக்காம ஏத்து. உள்ள இருக்கற கரி அத்தனையும் எரிஞ்சு வெளிய வரட்டும். அந்தச் சூடு ஆறாம நேரா சோதனைக்குப் போ. நடுவுல இன்ஜினை ஆஃப் பண்ணிடாதே."

சோதனைக்கு மறுநாள் மதியம் முறை கிடைத்திருந்தது. ஆனால் சான்றிதழ் இல்லாத வண்டிக்கு யார் லோடு தருவார்கள்? கல் ஏற்றலாமா, மண் ஏற்றலாமா என்று அவர் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோது, மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா நாளைக்குக் கடையைக் காலி பண்றாங்க."

அவருக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும். மாப்பிள்ளையின் புகை தாங்காமல் மாமியார் ஊரின் அடுத்த கோடியில் இடம் பார்த்துவிட்டார் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் அந்த அம்மாவே சொல்லியிருந்தார். கேட்டவர்கள் 'உச்' கொட்டினார்கள்.

"அந்தத் துவைக்கிற மிஷின் ஒவ்வொண்ணும் யானைக்குட்டி" என்றாள் மனைவி. "பிழியற மிஷின், தேய்க்கிற மிஷின் வேற. கனம்னா அதான் கனம்."

"உங்கம்மா என் வண்டில ஏத்துவாங்களா? நடந்தே தூக்கிட்டுப் போவாங்க."

"வேற லாரி பேசியிருக்காங்க. அது வந்தா உங்க பாடு. வரலைன்னா அவங்களுக்கு உங்க வண்டிதான் கதி" என்று சொல்லிவிட்டு அவள் மடித்த துணியை அடுக்கினாள்.

மறுநாள் காலையில் அந்த லாரி வரவில்லை. சுமை தூக்குகிறவர்கள் வந்து, மிஷின்களைப் பெயர்த்து வாசலில் கொண்டுவந்து வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து பீடியும் குடித்து முடித்துவிட்டார்கள். மாமியார் போன் மேல் போன் போட்டார். முதலில் 'வந்துட்டே இருக்கேம்மா' என்ற குரல், பிறகு எடுக்கவே இல்லை. பழைய இடத்துக்கு அன்றே புதுக் குடித்தனக்காரர் வருகிறார். வாசலில் மிஷின்கள், வானத்தில் மேகம். மாமியார் வானத்தைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், கடைசியில் தெருவோரம் நின்ற மாப்பிள்ளையின் லாரியைப் பார்த்தார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

"உன் வீட்டுக்காரர் சும்மாதானே இருக்காரு, கேளு" என்றார் மகளிடம்.

"சும்மாதான் இருக்கேன்னு சொல்லு" என்றார் அவர், மனைவி வாயைத் திறப்பதற்கு முன்பே.

ஏற்றிக் கயிறு கட்டி முடித்ததும், லாரியின் முதுகு பல வருஷங்களுக்குப் பிறகு வளைந்தது. மகள் பழைய இடத்துச் சாவியை ஒப்படைக்க நின்றாக வேண்டும். தன் மிஷின்களைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று மாமியார் லாரியின் முன்சீட்டில் ஏறினார். குவாரி மேட்டைப் பற்றி அவரிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

"சொன்னா ஏற மாட்டாங்க" என்று கணவரின் காதில் சொன்னாள் மனைவி. "ஏறிட்டா இறங்க மாட்டாங்க. ஓட்டுங்க."

வண்டி தெருமுனை திரும்பியதும் மாமியார் கைப்பேசியை எடுத்து மகளுக்குப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்.

"உன் வீட்டுக்காரரை மெதுவா போகச் சொல்லு."

"என்னங்க, மெதுவா போங்களாம்" என்றது கைப்பேசி.

"மெதுவாத்தான் போறேன்னு சொல்லு" என்றார் அவர், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த மாமியாருக்கு.

"அம்மா, மெதுவாத்தான் போறாராம்."

"காது கேக்குது. இப்ப லெஃப்ட்ல திரும்பணும்னு சொல்லு. ஏன் நேரா போறாருன்னு கேளு."

"என்னங்க, ஏன் நேரா..." என்று ஆரம்பித்த கைப்பேசி கரகரத்து அடங்கியது. குவாரிச் சாலை தொடங்குமிடத்தில் சிக்னல் கிடையாது.

மாமியார் கைப்பேசியைக் குலுக்கிப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். இனித் தூதுக்கு ஆளில்லை என்பது புரிந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"புது இடம் சமதரையில இருக்கு. இந்த லாரி ஏன் மலை ஏறுதுன்னு தெரியல."

"லாரிக்குக் காரணம் இருக்கு" என்றார் அவர் ஸ்டியரிங்கிடம்.

அதற்குமேல் பேச நேரமில்லை. மேடு வந்துவிட்டது. கீழ் கியருக்கு மாற்றி, ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினார். இன்ஜின் அலறியது. முன்சீட்டு நடுங்கியது. பின்னால் மிஷின்களின் இரும்பு மூடிகள் ஒன்றோடொன்று பல்லைக் கடித்தன. சைலன்சரிலிருந்து கிளம்பியது சாதாரணப் புகை இல்லை. மெத்தை சுமந்த காலமெல்லாம் சேர்த்து வைத்த சொத்து. மாமியார் பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"பின்னாடி ஒரு கார் வந்துட்டு இருந்தது" என்றார் முன்கண்ணாடியிடம். "காணோம்."

பாதி மேட்டில் புகைவண்டிக்காரருக்கு அடக்க முடியவில்லை. மாமியார் சொத்தையும் மாமியாரையும் சேர்த்து வைத்துக்கொண்டு இப்படி ஒரு வேலை செய்கிறோமே என்ற குற்ற உணர்ச்சியோ, பக்கத்தில் நிலவிய அமைதியின் பயமோ, ஸ்டியரிங்கைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இரண்டு முறை தவறியது, டாக்டர் சொன்னது, கனமான லோடு வேண்டியிருந்தது, மதியம் சோதனை. கம்பி நாரை மட்டும் சொல்லவில்லை.

"மன்னிச்சிடணும்னு அத்தைகிட்ட யாராவது சொன்னா நல்லா இருக்கும்" என்று முடித்தார்.

மாமியார் பக்கவாட்டுக் கண்ணாடியில் புகையைப் பார்த்துக்கொண்டே வந்தார். உச்சிக்கு வந்ததும், "வண்டி கொஞ்சம் நிக்கட்டும். இன்ஜின் ஓடட்டும்" என்றார். நின்றது. மாமியார் இறங்கினார். 'அவ்வளவுதான், நடந்தே வீட்டுக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்' என்று நினைத்துப் புகைவண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். மாமியார் பின்பக்கம் போய், மூட்டையிலிருந்து ஒரு பழைய வெள்ளைத் தலையணை உறையை உருவி, இரண்டு கையாலும் விரித்துச் சைலன்சருக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தடவை மிதிச்சா தேவலை" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

அவர் மிதித்தார். மாமியார் உறையைக் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்து விரித்தார். நடுவில் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பு வட்டம். அதை அவர் கோபத்தோடு பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மோசமான மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது முதல் தண்ணி" என்றார். "முதல் தண்ணி இப்படித்தான் வரும். வெதுவெதுப்புத் தண்ணில இத்தனை நாள் துவைச்சா அழுக்கு எப்படிப் போகும்? இப்பத்தான் கொதிக்குது. லாரி கீழ இறங்கி மறுபடி ஏறணும்."

இறங்கி, மறுபடி ஏறினார்கள். இந்த முறை மாமியாரும் சும்மா வரவில்லை. மேடு செங்குத்தான இடத்தில் காலைத் தரையில் ஊன்றி, தானும் மிதித்தார். இரண்டாவது உறையில் வட்டம் சாம்பல் நிறமாக இருந்தது. மாப்பிள்ளைக்கு அதுவே போதும் போல இருந்தது. நேரமும் ஆகிக்கொண்டிருந்தது.

"ரெண்டு அலசலோட என் கடையிலிருந்து ஒரு துணி வெளிய போனதில்ல" என்றார் மாமியார் கதவின் கைப்பிடியிடம்.

மூன்றாவது ஏற்றத்தில் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வந்தார். உச்சிவரை அவர் கண்ணாடியில் தெரிந்துகொண்டே வந்தார். புகைவண்டிக்காரர் தன் வண்டிக்குப் பின்னால் வருகிறவரின் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். மூன்றாவது உறையில், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. மாமியார் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "போலாம்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது தெரியவில்லை.

சோதனை நிலையத்தில் வரிசை. அவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு லாரிதான். ஆனால் அது நகரவில்லை. அதன் சொந்தக்காரர் பரிசோதகரை மறித்துக்கொண்டு வாதாடினார்.

"உங்க மிஷின் தப்பு சார். என் வண்டி ஊதுபத்தி மாதிரி."

பரிசோதகர் திரையைக் காட்டினார். சொந்தக்காரர் திரையைப் பார்க்காமல் வானத்தைக் காட்டினார். வாக்குவாதம் நீண்டது. நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் இன்ஜின் சூடு இறங்கிவிடும். புகைவண்டிக்காரர் சூட்டுமானியின் முள்ளை, பால் பொங்குவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் காதைத் தீட்டிக்கொண்டார். "இந்தக் குரல் தெரிஞ்ச குரல்" என்றார். இறங்கி முன்னால் போனார்.

"ஏங்க, காலையில 'வந்துட்டே இருக்கேம்மா'ன்னு போன்ல சொன்னது நீங்கதானே?"

அந்த ஆள் திரும்பினார். ஊதுபத்தி அணைந்தது.

"அம்மா... வண்டி கொஞ்சம் ரிப்பேர். ரெடியானதும் நேரா உங்ககிட்டதான்..."

"நான் நடுத்தெருவுல மிஷினை வெச்சுட்டு நிக்கிறேன். நீங்க இங்க வந்து சாரோட கருவியைத் தப்புங்கறீங்க. வந்துட்டே இருக்கேன்னு சொன்னீங்களே, எந்த ஊர் சுத்தி வந்துட்டு இருந்தீங்க?"

பரிசோதகரை எதிர்த்து அரைமணி நேரம் நின்ற மனிதர், மாமியார் முன்னால் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. வண்டியில் ஏறி, ஒரு பெரிய கறுப்புப் புகைப் பந்தை உருட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பரிசோதகர் அந்த அம்மாவை ஒருமுறை மரியாதையோடு பார்த்தார். பிறகு அடுத்து வந்து நின்ற லாரியைப் பார்த்தார். உடனே சைலன்சருக்கு நேர் எதிரிலிருந்து ஓரமாக நகர்ந்துகொண்டார்.

"உள்ள ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"பாத்திரம் தேய்க்கறது?"

"சத்தியமா இல்ல சார்."

பரிசோதகர் டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "மேல என்ன லோடு?" என்றார்.

"துணி துவைக்கிற மிஷின் சார்."

"போன தடவை பாத்திரம். இந்தத் தடவை துணியா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கருவியின் நுனியைச் செருகினார்.

மேட்டில் தரையோடு மிதித்த புகைவண்டிக்காரரின் கால், இங்கே ஆக்சிலரேட்டரைத் தொடவே கூச்சப்பட்டது. மெல்ல, மெல்ல மிதித்தார். இன்ஜின் முனகியது.

"இது செல்லாது. டக்குனு முழுசா மிதிக்கணும்" என்றார் பரிசோதகர்.

மறுபடியும் மிதித்தார். மறுபடியும் முனகல்.

"பாதி மிதிச்சு ஏமாத்தலாம்னு பார்க்கறீங்களா? இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா ஃபெயில்னு போட்டுடுவேன்."

"இல்ல சார், கால்..." என்று அவர் ஆரம்பித்தபோது, வண்டிக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, மிதிங்க. எறும்பு செத்துடும்கற மாதிரி மிதிக்காதீங்க."

தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குச் சட்டென்று உறைக்கவில்லை. உறைத்த அதிர்ச்சியில் கால் தானாகத் தரையைத் தொட்டது. இன்ஜின் கர்ஜித்தது. மிஷின்களின் மூடிகள் கடகடத்தன. பரிசோதகர் கையைக் காட்டினார், மாப்பிள்ளை காலை எடுத்தார். மறுபடி காட்டினார், மறுபடி தரைவரை. ஒவ்வொரு தடவையும் மாமியார், "ம், இன்னும் ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். பரிசோதகர் சொல்வதற்கு முன்பே அவர் சொல்ல, பரிசோதகரும் ஒரு கட்டத்தில் கையைக் கீழே போட்டுவிட்டார்.

திரையில் எண் ஏறியது, நின்றது, இறங்கியது. பரிசோதகர் கருவியின் பக்கத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பாஸ்" என்றார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "என்ன வேலை செஞ்சீங்க?"

"மூணு தண்ணி அலசினோம்" என்றார் மாமியார். இடுப்பிலிருந்த உறையை எடுத்து விரித்துக் காட்டினார். பரிசோதகர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் மாமியார் பரிசோதகரின் மேலங்கிக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருகிட்ட போடறீங்க இதை? சோப்பு போகவே இல்லையே" என்று கேட்டு, புதுக் கடை இருக்கும் இடத்துக்கு வழியும் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

சான்றிதழைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு புகைவண்டிக்காரர் வண்டியை எடுத்தார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும், மனசு கேட்காமல் சொன்னார்:

"அத்தை, புகைதான் போயிடுச்சே. எனக்காக நீங்க ஏன் அவ்வளவு தூரம் போகணும்? இப்பவே திரும்பிடறேன். புதுசா வர்றவங்ககிட்ட நான் பேசறேன். பழைய இடத்துலயே இறக்கிடலாம்."

மாமியார் அவரை நேராகத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க புகைக்காகப் போறேன்னு யாரு சொன்னது?"

"நீங்கதான் அத்தை. தெரு முழுக்கச் சொன்னீங்க."

"அது சொன்னேன். பழைய இடத்துல தண்ணி வர்றதே இல்ல. 'தண்ணி பத்தலை'ன்னு சொன்னா, புது இடத்துக்காரர் 'இந்தம்மா எவ்வளவு தண்ணி இழுக்குமோ'ன்னு பயந்துடுவாரு. 'மாப்பிள்ளை லாரிப் புகை'ன்னு சொன்னேன். கேட்டவங்க எல்லாம் பாவம்னாங்க. புது இடத்துக்காரர் ரெண்டு குழாய் சேர்த்தே குடுத்துட்டாரு."

புகைவண்டிக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் பேர் கெட்டது கெட்டதுதான். ஆனால் அதில் ரெண்டு குழாய் கிடைத்திருக்கிறது. கடைசியில் சிரித்துவிட்டார். மாமியாரும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஒண்ணு சொல்றேன்" என்றார், சிரிப்பு அடங்கியதும். "அந்த மெத்தை லோடை விட்டுடுங்க. உங்க வண்டிக்கு வெயிட் இருந்தாத்தான் புத்தி வரும். ஈரத்துணி மூட்டை கனம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. எடுக்கறதும் கொண்டுபோய்ப் போடறதும் இனிமே நீங்களே பாருங்க."

அவரும் சரி என்றார். அந்தச் சந்தோஷத்தில் அவர் எதற்கும் சரி என்றிருப்பார்.

அடுத்த வாரத்திலிருந்து லாரி ஓட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் புதுக் கடைக்குமாக ஓடியது. துணி கணக்குத் தப்பக் கூடாது என்று மாமியார் தினமும் முன்சீட்டில் வந்தார். இத்தனை வருஷம் பேசாமல் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்த அம்மாவிடம் அப்படியே இருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை போட்டிருந்த சட்டையின் கஞ்சி சரியில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தார். கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று சொன்னார். பிரேக்கை எப்போது தொடக் கூடாது என்று சொன்னார். ஒரு நாள் டாக்டரின் பட்டறையில் வண்டியை விட்டபோது, ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தானும் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா அலசுது" என்றார். டாக்டரும் தலையாட்டினார். வீடு திரும்பும் வழியில், பெரிய வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வயது வரம்பு எதுவும் உண்டா என்று மாப்பிள்ளையிடம் விசாரித்தார். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது புகைவண்டிக்காரருக்குப் பசியே இல்லை.

"இங்க பாரு" என்றார் மனைவியிடம், குரலைத் தாழ்த்தி. "நாளைக்கு நீயும் வண்டில வாயேன். நடுவுல உக்காந்துக்க. உங்கம்மா சொல்றதை நீ கேட்டு, முக்கியமானதை மட்டும் எனக்குச் சொன்னா போதும்."

"முடியாது" என்றாள் அவள்.

"ஒரே ஒரு நாள்."

"இத்தனை வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நின்னு என் தொண்டை தேஞ்சு போச்சு. இனிமே நீங்களாச்சு, அவங்களாச்சு."

மறுநாள் லாரி சத்தமில்லாமல் கிளம்பிப் போனது. அதாவது, புகை இல்லாமல். முன்சீட்டிலிருந்து வந்த பேச்சு மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவள் வாசற்கதவைச் சாத்தினாள். போனை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். யாருக்காகவும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியில்லாத அந்த வீட்டில், பாயை விரித்துப் படுத்து, மதியம் வரை நன்றாகத் தூங்கினாள்.